பாஸ்டனை ஆண்டது போதகர்களா, மாஜிஸ்திரேட்டுகளா?

திண்ணைவாசி எழுதியது:

வணக்கம். கொஞ்ச நாளாகப் பதினேழாம் நூற்றாண்டு நியூ இங்கிலாந்து, அதாவது பாஸ்டன், மாசசூசெட்ஸ் எல்லாம் இருக்கும் அமெரிக்க வடகிழக்குக் கரையின் ஆங்கிலேயக் குடியேற்றங்கள் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது, தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்கினால் நல்லது.

பியூரிட்டன்கள், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சுத்தப்படுத்த வேண்டும் என்ற கடும் கிறிஸ்தவர்கள் என்றதும் என் மனதில் இருந்த படம் இதுதான்: கறுப்பு அங்கி போட்ட போதகர்கள் ஊரை ஆண்டார்கள், பைபிள்தான் சட்டப்புத்தகம், சிரித்தால் அபராதம், எதிர்த்துப் பேசினால் தூக்கு. ஆனால் மாசசூசெட்ஸில் போதகர் யாரும் அரசுப் பதவியில் உட்காரவில்லை என்று ஒரு இடத்தில் படித்தேன். சபையிலிருந்து (ஊர்த் தேவாலயத்தின் உறுப்பினர் கூட்டம்) நீக்கப்பட்டவன்கூட அரசுப் பதவியை இழக்க மாட்டான் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்களாம். கல்யாணத்தைக்கூடப் போதகர் நடத்தி வைக்கவில்லையாம்! அப்படியென்றால் இது எந்த வகையில் மத ஆட்சி? சரி, மத ஆட்சி இல்லை என்று வைத்துக்கொண்டால் குவேக்கர்களை (போதகரே வேண்டாம் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர்) தூக்கில் போட்டது எந்தக் கணக்கில் வரும்?

இதைப் பற்றி ஒரு நண்பரோடு பேசப் போய் அது சண்டையில் முடிந்துவிட்டது. அவர் "மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள்" என்கிறார், நான் "வந்து மற்றவன் கழுத்தைப் பிடித்தவர்கள்" என்கிறேன். இருவருக்குமே முழுக்கதை தெரியாது என்பதுதான் உண்மை. யார் ஓட்டுப் போட்டார்கள், சட்டம் எங்கிருந்து வந்தது, போதகர் சொல் எவ்வளவு தூரம் செல்லுபடியானது, இவ்வளவு தெரிந்தால் போதும். கிறிஸ்துமஸைத் தடை செய்தது உண்மையா என்றும் யாராவது சொல்லுங்கள்.


பழைய காகிதம் எழுதியது:

நீங்கள் படித்த இரண்டுமே சரிதான், அதனால்தான் குழப்பம். பதவியில் உட்கார்ந்தவர் யார் என்று பார்த்தால் மத ஆட்சி மாதிரியே தெரியாது. அவரை உட்கார வைத்தவர் யார் என்று பாருங்கள், விஷயம் பிடிபடும்.

தொடக்கத்தில் இது ஒரு வணிகக் கம்பெனி. 1629-ல் முதலாம் சார்லஸ் கொடுத்த சாசனப்படி ஒரு கவர்னர், ஒரு துணைக் கவர்னர், 18 உதவியாளர்கள், ஆண்டுக்கு நான்கு முறை பங்குதாரர்களின் பொதுக்கூட்டம். அந்தக் கூட்டத்தின் பெயர்தான் ஜெனரல் கோர்ட். கூட்டத்தை எந்த ஊரில் நடத்த வேண்டும் என்று சாசனத்தில் எழுதவில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் வழி திறந்தது. 1630-ல் ஜான் வின்த்ராப்பும் கூட்டாளிகளும் அர்பெல்லா கப்பலில் ஏறியபோது சாசனத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். லண்டனில் உட்கார்ந்து லாப நட்டம் பார்த்திருக்க வேண்டிய கம்பெனி, மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு அரசாங்கமாகிவிட்டது. உதவியாளர்கள்தான் மாஜிஸ்திரேட்டுகள், அதாவது ஆட்சியும் நீதி விசாரணையும் பார்க்கும் அதிகாரிகள் ஆனார்கள், பங்குதாரர் என்பது "ஃப்ரீமேன்", அதாவது ஓட்டுரிமை உள்ளவர் என்று மாறியது.

அந்த ஃப்ரீமேன் யார்? 1631 மே மாதம் ஜெனரல் கோர்ட் ஒரு விதி போட்டது: இந்தக் குடியேற்றத்துச் சபைகள் ஏதாவதொன்றில் உறுப்பினராக இல்லாத எவரையும் இனி ஃப்ரீமேனாகச் சேர்ப்பதில்லை. இதைத்தான் நான் மையம் என்பேன். இங்கிலாந்தில் ஓட்டுக்குச் சொத்து வேண்டும், இங்கே சொத்தை யாரும் கேட்கவில்லை, சபையில் பெயர் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். சாதாரண விவசாயியும் கைவினைஞரும் ஓட்டுப் போட முடிந்தது, ஊரிலேயே பணக்காரராக இருந்தாலும் சபையில் இல்லையென்றால் முடியாது.

சபையில் சேருவது லேசான காரியம் இல்லை. ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்ந்தால் மட்டும் உறுப்பினராகிவிட முடியாது; வருவது எல்லோருக்குமே கட்டாயம், 1635-ல் அதற்கும் சட்டம் வந்துவிட்டது. சேர விரும்புகிறவர் முதலில் மூப்பர்களிடம் தனியாகப் பேச வேண்டும், அப்புறம் முழுச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, தேவ கிருபை தன் உள்ளத்தில் எப்படி வேலை செய்தது என்று சாட்சி சொல்ல வேண்டும், கேட்டுவிட்டுச் சபை முடிவெடுக்கும். கேம்பிரிட்ஜில் தாமஸ் ஷெப்பர்டு என்ற போதகர் இந்தச் சாட்சிகளைத் தன் நோட்டில் எழுதி வைத்தார், அவை இன்றும் இருக்கின்றன, வேலைக்காரப் பெண்களின் சாட்சிகூட அதில் உண்டு. அவற்றைப் படித்தால் ஒன்று கவனிப்பீர்கள்: "நான் இரட்சிக்கப்பட்டேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர் கிட்டத்தட்ட இல்லை. பயந்தேன், கொஞ்சம் நம்பிக்கை வந்தது, மறுபடி சந்தேகப்பட்டேன் என்றே போகிறது. இரட்சிப்புக்கென்று தேவன் தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று அவருக்கு மட்டுமே தெரியும் என்பது அவர்கள் கொள்கை, அதனால் ரொம்ப உறுதியாகப் பேசுகிறவன் மேல்தான் சந்தேகம் வரும். ஒரு மனிதனின் ஓட்டுரிமை இந்தப் பரீட்சையைத் தாண்டித்தான் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

போதகர் சொல் எவ்வளவு செல்லும் என்று கேட்டீர்கள். 1634 தேர்தல் நாளன்று ஜான் காட்டன் பிரசங்கம் செய்தார். அந்த ஊரிலேயே பெரிய போதகர் அவர்தான். தகுந்த காரணம் இல்லாமல் ஒரு மாஜிஸ்திரேட்டைப் பதவியிலிருந்து இறக்கக் கூடாது என்பது பிரசங்கத்தின் சாரம். கேட்டு முடித்த ஃப்ரீமேன்கள் நேராகப் போய் வின்த்ராப்பை இறக்கிவிட்டுத் தாமஸ் டட்லியைக் கவர்னராக்கினார்கள். போதாக்குறைக்கு வின்த்ராப்பிடம் கணக்கும் கேட்டார்கள். அந்த வருடம்தான் சாசனத்தைக் காட்டு என்று கேட்டு வாங்கிப் படித்து, சட்டம் போடும் அதிகாரம் தங்களுக்கும் உண்டு என்று கண்டுபிடித்து, ஊருக்கு ஊர் பிரதிநிதிகளை அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வருடம் முன்பே வாட்டர்டவுன் ஊரார், எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போடுகிறீர்களே என்று முறைத்திருந்தார்கள், அதன் தொடர்ச்சி இது.

சட்டத்திலும் இதே கதைதான். காட்டன் 1636-ல் பைபிள் வசனங்களை அடுக்கி ஒரு சட்டத் தொகுப்பு எழுதிக் கொடுத்தார், ஏற்கவில்லை. 1641-ல் ஏற்றது நதானியேல் வார்டு தயாரித்ததை. அவரும் போதகர்தான், ஆனால் இங்கிலாந்தில் சட்டம் படித்துத் தொழில் செய்தவர். அதில் மரண தண்டனைக் குற்றங்களுக்குப் பக்கத்தில் மட்டும் வசனம் போட்டிருக்கும். மற்றதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்து வழக்கறிஞர் மூளை: ஜூரி விசாரணை, ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனை கூடாது, கணவன் மனைவியை அடிக்கக் கூடாது, வளர்ப்பு விலங்குகளைக் கொடுமை செய்யக் கூடாது. நீங்கள் படித்த சபைநீக்க விதியும் இதில்தான் இருக்கிறது.


ஆணிக்கடை எழுதியது:

என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், இந்தக் கதைக்காகவே வைத்துக்கொண்ட பெயர். சபையும் அரசும் எப்படி ஒரே ஆளை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டின என்று பார்க்க ராபர்ட் கெய்ன் கதையைவிட நல்லது கிடையாது.

கெய்ன் பாஸ்டனில் பெரிய வியாபாரி, சபை உறுப்பினர், பக்திமான், பிரசங்கம் கேட்கும்போது குறிப்பு எடுக்கிற ரகம். 1639-ல் அவர் மேல் புகார்: இறக்குமதிச் சரக்குகளுக்கு அநியாய விலை வைக்கிறார். ஷில்லிங்குக்கு (12 பென்ஸ்) ஆறு பென்ஸுக்கும் மேல் லாபமாம், சிலவற்றில் எட்டு பென்ஸ், சின்னச் சாமான்களில் ஒன்றுக்கு இரண்டு. ஆணி விலையும் அதில் ஒன்று. ஜெனரல் கோர்ட் 200 பவுண்டு அபராதம் போட்டது. பிறகு அது 80 பவுண்டாகக் குறைந்தது என்றாலும், இவ்வளவு லாபம்தான் வைக்கலாம் என்று அப்போது திட்டவட்டமான சட்டமே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

அரசு முடித்ததும் சபை ஆரம்பித்தது. கெய்ன் சபை நடுவே நின்று கண்ணீரோடு தன் பேராசையை ஒத்துக்கொண்டார். நீக்கிவிடலாமா என்றுகூடப் பேச்சு நடந்து, கடைசியில் கண்டித்து விட்டுவிட்டார்கள். அடுத்த வாரப் பிரசங்கத்தில் காட்டன், வியாபாரத்தில் எவையெல்லாம் தவறான கொள்கை என்று விளக்கினார்: முடிந்தவரை அதிக விலைக்கு விற்பது, முடிந்தவரை குறைந்த விலைக்கு வாங்குவது, கடலில் சரக்கு போய்விட்டால் மிச்சச் சரக்கின் மேல் விலையை ஏற்றுவது. இன்றைக்குக் கடை வைத்திருக்கிறவர் யாராவது இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று நினைத்துப் பார்த்தேன்.

மனுஷனுக்கு அந்த அவமானம் சாகும் வரை ஆறவில்லை. 1653-ல் உயில் எழுத உட்கார்ந்தார், அது புத்தகம் அளவுக்கு நீண்டது, பக்கம் பக்கமாக அந்த வழக்கில் தன் பக்க நியாயத்தைத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஊரைக் கைகழுவிவிடவும் இல்லை, பாஸ்டனில் ஊர் மண்டபம் கட்ட அதே உயிலில் 300 பவுண்டு ஒதுக்கினார்!

இன்னும் இருக்கிறது. இதே கெய்னிடம் 1636-ல் ஒரு பன்றி வழிதவறி வந்து சேர்ந்தது. ஊரெல்லாம் அறிவித்தார், யாரும் வரவில்லை. சுமார் ஒரு வருடம் கழித்து அவர் தன் பன்றியை அறுத்தபோது, ஷெர்மன் என்ற பெண்மணி வந்து நீ அறுத்தது என் பன்றி என்றார். சபை விசாரித்தது, கெய்ன் குற்றமற்றவர் என்றது. நீதிமன்றமும் அப்படியே சொல்லி, செலவுக்கு 3 பவுண்டு வாங்கிக் கொடுத்தது. அதோடு விட்டிருக்கலாம், ஆனால் கெய்ன் அவதூறு வழக்குப் போட்டு 20 பவுண்டு வென்றார். அந்தம்மா 1642-ல் ஜெனரல் கோர்ட்டுக்கே போய்விட்டார். ஏழு நாள் விசாரணை. பிரதிநிதிகளில் 15 பேர் அவர் பக்கம், 8 பேர் கெய்ன் பக்கம். மாஜிஸ்திரேட்டுகளில் 2 பேர் அவர் பக்கம், 7 பேர் கெய்ன் பக்கம். மொத்தத் தலையை எண்ணினால் ஷெர்மன் ஜெயிக்கிறார், ஆனால் மாஜிஸ்திரேட்டுகளில் பெரும்பான்மை வேண்டாம் என்றால் எதுவும் நிறைவேறாது என்று ஒரு தடுப்பு அதிகாரம் இருந்தது. சும்மா இருந்த சனம் அதைக் கேட்டுக் கொதித்தது. ஆணி விலை ஞாபகம் எல்லோருக்கும் இருந்ததே. தகராறு முற்றி, 1644-ல் மாஜிஸ்திரேட்டுகள் ஒரு அவை, பிரதிநிதிகள் ஒரு அவை என்று சட்டசபை இரண்டாகப் பிரிந்தது. இன்றுவரை மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு ஜெனரல் கோர்ட் என்றுதான் பெயர், இரண்டு அவைதான். ஒரு பன்றி புண்ணியத்தில்.


கடற்காகம் எழுதியது:

மேலே எழுதிய இருவரும் சொன்ன தகவல்களில் தவறில்லை, ஆனால் படித்து முடிக்கும்போது ஏதோ கிராமத்துப் பஞ்சாயத்து மாதிரி ரசிக்கும்படியாக இருக்கிறது. அது எனக்கு உறுத்துகிறது.

பழைய காகிதம் நண்பரே, போதகர் பதவியில் இல்லை என்பது உண்மை. இடது கை வேறு, வலது கை வேறு என்பதும் உண்மை. தலை ஒன்றுதானே? ஆன் ஹட்சின்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவம் பார்க்கத் தெரிந்தவர், வீட்டில் கூட்டம் போட்டு ஞாயிறு கேட்ட பிரசங்கத்தைப் பற்றிப் பேசுவார், அறுபது பேர் எண்பது பேர் என்று ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். காட்டனைத் தவிர மற்றப் போதகர்களில் பலர் கிருபையை விட்டுவிட்டுக் கிரியையை, அதாவது நற்செயலால் இரட்சிப்பு என்பதைப் போதிக்கிறார்கள் என்றார். 1637 நவம்பரில் ஜெனரல் கோர்ட் விசாரித்தது. கவர்னர் வின்த்ராப்தான் தலைமை, அவரேதான் குறுக்கு விசாரணையும், தீர்ப்பும் அவரே வாசித்தார். சாட்சி சொன்னவர்கள் போதகர்கள். முதல் நாள் முழுக்க ஹட்சின்சன் வசனத்துக்கு வசனம் பதில் சொல்லி அவர்களைத் திணறடித்தார், பிறகு தேவன் தனக்கு நேரடியாக வெளிப்படுத்தினார் என்று சொல்லி அவரே அவர்கள் கையில் பிடி கொடுத்துவிட்டார். எதற்காக என்னை நாடு கடத்துகிறீர்கள் என்று கேட்டதற்குக் கிடைத்த பதில், மேலே பேசாதே, ஏன் என்று கோர்ட்டுக்குத் தெரியும், அதுவே போதும் என்பதுதான். குளிர்காலம் முழுக்கக் காவலில் வைத்து 1638 மார்ச்சில் சபை தனியாக விசாரித்துச் சபைநீக்கம் செய்தது. நாடு கடத்தியது அரசு, நீக்கியது சபை, ஒன்றில் இன்னொன்று தலையிடவில்லை. பாதிக்கப்பட்டவருக்கு அதில் என்ன ஆறுதல்?

அன்று சபையிலிருந்து அவர் வெளியே நடந்தபோது கூடவே எழுந்து நடந்தவர் மேரி டயர். பிற்காலத்தில் குவேக்கர் ஆனார். 1658-ல் போட்ட சட்டம், நாடு கடத்தப்பட்ட குவேக்கர் திரும்பி வந்தால் மரணம். அதற்கு முன்பே சவுக்கடி, மூன்று பேருக்குக் காது அறுப்பு எல்லாம் நடந்தாயிற்று. 1659 அக்டோபர் 27-ல் வில்லியம் ராபின்சன், மர்மடியூக் ஸ்டீவன்சன் இருவரையும் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள், மேரி டயரைக் கழுத்தில் கயிறோடு நிற்க வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் இறக்கினார்கள். அவர் போய்விட்டுத் திரும்பி வந்தார், வேண்டுமென்றேதான் வந்தார். 1660 ஜூன் 1-ல் தூக்கு. 1661 மார்ச்சில் வில்லியம் லெட்ரா. இதற்கு முடிவு கட்டியது எந்தச் சபையும் இல்லை, இரண்டாம் சார்லஸ் அனுப்பிய உத்தரவு. அதைக் கொண்டுவந்து கவர்னர் கையில் கொடுத்தவர், அதே அரசால் நாடு கடத்தப்பட்ட சேலம் ஊர்க் குவேக்கர் சாமுவேல் ஷட்டக். ராஜா ஆள் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறும்பு தெரிகிறது. தூக்கு நின்றது, ஆனால் வண்டிக்குப் பின்னால் கட்டி ஊர் ஊராக அடித்துத் துரத்துவது அப்புறமும் தொடர்ந்தது.

திண்ணைவாசி, உங்கள் நண்பரிடம் சொல்ல இது போதும்: அவர்கள் தேடி வந்தது சரியான வழிபாட்டைத் தடையில்லாமல் நடத்தும் சுதந்திரம். சரியான வழிபாடு ஒன்றுதான் இருக்க முடியும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. மேலே சொன்ன அதே வார்டு வெளிப்படையாகவே எழுதினார், மற்றவர்களுக்கு எங்களை விட்டு விலகியிருக்க முழுச் சுதந்திரம் உண்டு என்று.

உண்மையிலேயே மதச் சுதந்திரம் கேட்டவர் ரோஜர் வில்லியம்ஸ். பத்துக் கட்டளைகளில் முதல் நான்கை, அதாவது தேவனுக்கும் மனிதனுக்கும் இடையில் உள்ளதை, மாஜிஸ்திரேட் தொடக் கூடாது என்றார். அதோடு நிறுத்தாமல், செவ்விந்தியர்களின் (அமெரிக்கப் பூர்வகுடிகளின்) நிலத்தை ஒரு இங்கிலாந்து ராஜா எப்படித் தானமாக எழுதிக் கொடுக்க முடியும் என்றும் கேட்டார். சாசனத்தையே உயிராக நினைத்தவர்கள் இதைத் தாங்குவார்களா? 1635 அக்டோபரில் வெளியேற்ற உத்தரவு. கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்ப ஆள் வருவதற்குள் 1636 ஜனவரிப் பனியில் கிளம்பிப் போய், நாரகன்செட் என்ற பூர்வகுடி மக்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் ஊரை அமைத்தார். அவரும் பியூரிட்டன்தான், பல விஷயங்களில் மற்றவர்களைவிடக் கடுமையானவர். சபையைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே அரசை அதன் பக்கம் வரவிடாதே என்றவர்.


மெழுகுவர்த்தி எழுதியது:

கிறிஸ்துமஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உண்மைதான். 1659-ல் சட்டம், அன்று வேலைக்குப் போகாமல் விருந்து வைத்துக் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். 1681-ல் நீக்கினார்கள். காரணம் எளிது: கிறிஸ்து பிறந்த தேதி பைபிளில் இல்லை, இல்லாததை மனிதன் சேர்த்தால் அது வழிபாட்டில் கலப்படம். இதே காரணத்துக்காக ஞாயிறு, திங்கள், ஜனவரி மாதிரியான பெயர்களைக்கூட ஒதுக்கிவிட்டு, முதல் மாதம் இரண்டாம் நாள் என்று எண்ணிக்கையில் எழுதினார்கள். முதல் மாதம் என்றால் மார்ச். பழைய ஆவணம் படிக்கிறவர்கள் ஜாக்கிரதை.

கல்யாணமும் அப்படியே. அது ஒரு திருவருட்சாதனம் (சபையின் புனிதச் சடங்கு) என்று பைபிளில் இல்லை, ஆகவே அது ஒப்பந்தம், மாஜிஸ்திரேட் முன்னால் நடக்கும், முறிந்தால் விவாகரத்தும் உண்டு. இங்கிலாந்தில் சபை நீதிமன்றங்கள் கையில் இருந்த உயில், கல்யாணம் எல்லாம் இங்கே சாதாரண நீதிமன்றத்துக்கு வந்துவிட்டன. கறுப்பு உடை மட்டும் நீங்கள் படத்தில் பார்த்த மாதிரி இல்லை, அது விசேஷத்துக்கு, தினசரி சாயம் போட்ட துணிதான். பீரும் குடித்தார்கள்.


திண்ணைவாசி எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கடற்காகம் சொன்னதைப் படித்ததும் என் பக்கம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன், அப்புறம் ஆணிக்கடை எழுதியதை மறுபடி படித்தேன், அவ்வளவு நிச்சயம் இல்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. சாட்சி சொல்லித்தான் சபையில் சேர வேண்டும், சேர்ந்தால்தான் ஓட்டு என்றால், அங்கேயே பிறந்த பிள்ளைகள் கதி? அப்பா கடல் தாண்டி வந்தவர், சொல்ல அவரிடம் கதை இருக்கிறது. பிள்ளைக்கு என்ன அனுபவம் இருக்கும்? இந்த ஏற்பாடு எத்தனை தலைமுறை தாங்கியது?


பழைய காகிதம் எழுதியது:

சரியான இடத்தில் கை வைத்தீர்கள், அங்கேதான் விரிசல் விட்டது.

முதலில் கடற்காகத்துக்கு: ஒத்துக்கொள்கிறேன். என் பதிவில் ஓட்டு யாருக்கு என்பதிலேயே நின்றுவிட்டேன், ஓட்டு இல்லாதவர்களும் அதே சட்டத்துக்குக் கீழேதான் வாழ்ந்தார்கள், வரி கட்டினார்கள், 1638 முதல் போதகர் சம்பளத்துக்கும் சேர்த்து. நான் புகழ்ந்த அந்த 1641 சட்டமே நியாயமான போரில் பிடிபட்டவர்களையும், விற்கப்பட்டு வரும் அந்நியர்களையும் அடிமையாக வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. 1637-ல் பெகோட் என்ற பூர்வகுடி மக்களோடு நடந்த போரில் பிடிபட்டவர்களுக்கு அதுதான் நடந்தது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு. வளர்ந்து சாட்சி சொன்னால்தான் திருவிருந்தும் (சபையில் அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) ஓட்டும். நிறையப் பேர் சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஞாயிறு இரண்டு வேளையும் வந்து உட்கார்ந்தார்கள், பைபிள் தலைகீழாகத் தெரியும். 50 குடும்பம் உள்ள ஊரில் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும் என்று 1647-லேயே சட்டம் போட்ட சமூகம் அது. ஆனால் அப்பா அம்மா சொன்ன மாதிரி ஒரு மனமாற்றம் தங்களுக்குள் நடந்ததா என்று கேட்டால், மனசாட்சிப்படி ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பொய்ச் சாட்சி சொல்லிச் சேர்ந்துவிடலாமே என்று இன்று நமக்குத் தோன்றும். அவர்கள் அதைச் செய்யாமல் வெளியே நின்றதே அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழம் என்பதற்கு அடையாளம் என்று எனக்குப் படுகிறது.

சரி, இப்போது இவர்களுக்குக் குழந்தை பிறக்கிறது. தாத்தா பாட்டி உறுப்பினர், அப்பா அம்மா இல்லை. பேரனுக்கு ஞானஸ்நானம் உண்டா? உண்டு என்றால் சபை கலப்படமாகிவிடும், இல்லை என்றால் இரண்டு தலைமுறையில் சபையே காலி. 1662-ல் போதகர்கள் கூடிப் பேசி நடுவில் ஒரு வழி கண்டார்கள்: பெற்றோர் ஒழுக்கமாக வாழ்ந்து உடன்படிக்கையை ஒத்துக்கொண்டால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பெற்றோருக்குத் திருவிருந்தும் கிடையாது, சபையில் ஓட்டும் கிடையாது. பாதி உடன்படிக்கை என்று பின்னால் வந்தவர்கள் கேலியாகப் பெயர் வைத்தார்கள். இதில் வேடிக்கை, போதகர்கள் சேர்க்கலாம் என்கிறார்கள், பல ஊர்களில் சபையார்தான் கூடாது என்று பிடிவாதம் பிடித்தார்கள். பாஸ்டன் முதல் சபை இதனாலேயே உடைந்து 1669-ல் மூன்றாவது சபை உருவாயிற்று.

ஓட்டுரிமைக் கதையை முடித்தது லண்டன். ராஜாவின் நெருக்கடியால் 1664-ல் சபைக்கு வெளியே உள்ளவர்களுக்கும் பெயருக்கு ஒரு வழி திறந்தார்கள், அதில் நுழைவது அவ்வளவு சுலபமாக இல்லை. 1684-ல் சாசனமே ரத்தானது. 1686-ல் எட்மண்ட் ஆண்ட்ரோஸ் கவர்னராக வந்து, பிரதிநிதி சபையே இல்லாமல் ஆண்டு, பாஸ்டனில் பியூரிட்டன் ஆலயத்திலேயே இங்கிலாந்துத் திருச்சபை ஆராதனை நடத்த இடம் கேட்டு வாங்கினார். 1689 ஏப்ரலில் ஊரே திரண்டு அவரைப் பிடித்து அடைத்தது தனிக்கதை. 1691-ல் வந்த புதுச் சாசனம் பழையதைத் திருப்பித் தரவில்லை: கவர்னரை ராஜா நியமிப்பார், ஓட்டுக்குச் சொத்துதான் அளவு, கத்தோலிக்கர் தவிர எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மனசாட்சிச் சுதந்திரம். அறுபது வருட ஏற்பாடு ஒரு தாளில் முடிந்தது. சேலம் சூனிய வழக்குகள் நடந்தது இதற்கு அடுத்த வருடம், 1692. பலர் அதை இந்த ஆட்சியின் உச்சம் என்று நினைக்கிறார்கள், உண்மையில் பழைய அரசு போய்ப் புது அரசு காலூன்றாத நேரத்தில் நடந்தது.


ஆணிக்கடை எழுதியது:

ஒரு சின்னத் திருத்தம், இது எல்லாக் குடியேற்றத்துக்கும் பொருந்தாது. 1620-ல் மேஃப்ளவரில் பிளைமவுத் வந்தவர்கள் இங்கிலாந்துத் திருச்சபையே வேண்டாம் என்று பிரிந்தவர்கள், வின்த்ராப் கூட்டம் உள்ளே இருந்தே சுத்தம் செய்வோம் என்றவர்கள். கனெக்டிகட்டில் 1639-ல் எழுதிய அடிப்படை ஆணைகளில் ஓட்டுக்குச் சபை உறுப்பினர் நிபந்தனையே இல்லை. பக்கத்திலேயே நியூ ஹேவன் மாசசூசெட்ஸைவிடக் கெடுபிடி, மோசேயின் சட்டத்தில் இல்லை என்று ஜூரி முறையே வைக்கவில்லை.


திண்ணைவாசி எழுதியது:

இந்தத் திரியை அப்படியே நண்பருக்கு அனுப்பிவிட்டேன். முழுக்கப் படித்தாராம், பழைய காகிதம் எழுதிய பிள்ளைகள் கதையைப் பற்றி நீளமாகப் பேசினார், மதச் சுதந்திரம் என்ற வார்த்தையை மட்டும் எடுக்கவில்லை. அவருக்கு இப்போது ஒரே ஒரு சந்தேகம்தான்: அந்தப் பன்றி கடைசியில் யாருடையது?


ஆணிக்கடை எழுதியது:

ஏழு நாள் உட்கார்ந்து ஜெனரல் கோர்ட்டாலேயே சொல்ல முடியாததை என்னிடம் கேட்கிறீர்களே ஐயா.